பூமிக்கடியில் ஐந்து வோல்ட்

வதோதராவுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இங்கே தமிழ்க்காரர்கள் கூடுகிற இடத்தில் முதல் கேள்வி "சொந்த ஊர் எது?", இரண்டாவது கேள்வி "எங்கே வேலை?". எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்குகிற கருவிகளுக்கு பவர் சப்ளை வடிவமைக்கிறேன் என்று சொன்னால், "ஓ, ஓஎன்ஜிசியா?" என்பார்கள். இல்லை. சின்னக் கம்பெனி. பெயர் சொன்னாலும் தெரியாது. அதோடு பேச்சு மோர்க்குழம்புக்குப் போய்விடும்.

போன பொங்கல் கூட்டத்தில் மட்டும் பேச்சு அப்படிப் போகவில்லை. பக்கத்து ஃபிளாட் பெண், ஒன்பதாம் வகுப்பு, விடாமல் பிடித்துக்கொண்டாள். "மாமா, ஃபோன் சார்ஜர் ஏன் சுடுது? சுட்டா கெட்டுப்போயிடுமா?" என்றாள். முதல் கேள்விக்கு இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு எழுபது வருஷக் கதை இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் இங்கே.

முதலில் இந்த சமாச்சாரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அதிக வோல்ட் வருகிறது, குறைவான வோல்ட் வேண்டும். கிணற்றுக் கருவியில் லித்தியம் தயோனைல் குளோரைடு என்கிற வகை பேட்டரி இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட். எட்டு செல்லை வரிசையாகக் கோத்தால் 28.8 வோல்ட். உள்ளே இருக்கிற மூளைக்கு வேண்டியது 5 வோல்ட், அரை ஆம்பியர். பழைய வழி, நடுவில் ஒரு தடையை வைத்து மிச்ச வோல்ட்டை அதில் எரித்துவிடுவது. லீனியர் ரெகுலேட்டர் என்பார்கள். கணக்குப் போடுங்கள்: 23.8 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 12 வாட் வெறும் சூடு. பயன்படுவது 2.5 வாட். இரண்டு ரூபாய்க்குப் பால் வாங்க பத்து ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்த மாதிரி.

இன்னொரு வழி, ஸ்விட்ச். வயலுக்குப் பாய்கிற மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி திறந்து வைத்தால் தண்ணீர் மதகில் மோதி இரைந்துகொண்டே போகும். அதற்குப் பதிலாக முழுசாகத் திற, முழுசாக மூடு, திற, மூடு. விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை. வெளியே ஒரு சுருள் கம்பியும் (இண்டக்டர்) ஒரு கெபாசிட்டரும் வைத்தால், அவை இந்த விட்டு விட்டு வரும் மின்சாரத்தைச் சமன்படுத்திச் சீராகக் கொடுத்துவிடும். ஆறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வோல்ட். இதற்கு பக் கன்வெர்ட்டர் என்று பெயர். 85 சதவீதத் திறன் என்று வைத்தால் அதே வேலைக்கு வீணாவது அரை வாட்டுக்கும் குறைவு. உங்கள் சார்ஜருக்குள்ளும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான் இருக்கிறான். மிச்சமாகிற அந்தக் கொஞ்ச சூடுதான் கையில் படுவது.

வீட்டில் இந்த அரை வாட்டும் 12 வாட்டும் வெறும் மின்கட்டண சமாச்சாரம். சுற்றிலும் 175 டிகிரி இருக்கிற இடத்தில் அப்படி இல்லை. ஒரு வாட்டுக்கு 20 டிகிரி ஏறுகிற பொட்டலம் என்றால், 12 வாட் வீணாகும்போது சில்லு சுற்றுப்புறத்தைவிட 240 டிகிரி அதிகமாகச் சூடாக வேண்டும். அதாவது 415 டிகிரி. அதற்கு வெகு முன்பே அது செத்துவிடும். ஸ்விட்ச் முறையில் ஒன்பது டிகிரி ஏறும், அவ்வளவுதான். ஆழக் கிணற்றில் ஸ்விட்ச் முறை என்பது சிக்கனம் அல்ல, பிழைக்கிற வழியே அதுதான்.

திறந்து மூடுகிற யோசனை ஒன்றும் புதிதல்ல. 1930-களின் கார் ரேடியோக்களில் வைப்ரேட்டர் என்று ஒரு சாமான் இருந்தது. ரீட் ஒன்று துடித்துத் துடித்து, கார் பேட்டரியின் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும். வால்வு ரேடியோவுக்கு வேண்டிய உயர் வோல்ட்டை அதிலிருந்து எடுத்தார்கள். ரேடியோ பாடுவதற்கு முன்னால் அந்த ரீட் ரீங்காரமிடும். கொஞ்ச நாளில் முனை தேய்ந்து போகும். தேயாத ஸ்விட்ச் ஒன்றுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

அது 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் வந்தது. டிரான்சிஸ்டர். ஆனால் அது ஜெர்மேனியம். எங்கள் தலைமுறையில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைக் குடைந்தவர்களுக்கு ஏசி 128 ஞாபகம் இருக்கும். அந்த ஜாதி. ஜெர்மேனியத்தில் எலக்ட்ரானைக் கட்டிப்போட்டிருக்கிற வேலி (பேண்ட்கேப்) 0.67 எலக்ட்ரான் வோல்ட்தான். சூடு ஏற ஏற எலக்ட்ரான்கள் வேலி தாண்டி ஓடும். பத்து டிகிரிக்கு ஒரு தடவை கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மூடி வைத்த மதகிலேயே தண்ணீர் போக ஆரம்பிக்கும். அந்தக் கசிவே சூட்டைக் கூட்டும், அந்தச் சூடு மறுபடி கசிவைக் கூட்டும். 75 டிகிரி தாண்டினால் ஜெர்மேனியத்தை நம்ப முடியாது. நண்பகலில் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு ஏறக்குறைய அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், இங்கே மே மாதத்தில்.

சிலிக்கானின் வேலி 1.12. உயரம் அதிகம். ஆனால் சிலிக்கான் 1,400 டிகிரிக்கு மேல் உருகுவது, உருகிய நிலையில் பாத்திரத்தையே தின்பது. சுத்தமான ஒற்றைப் படிகம் வளர்ப்பது பெரும்பாடு. இங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். கோர்டன் டீல். டெக்சாஸ்காரர், வேதியியல் படித்தவர். பெல் ஆய்வகத்தில் ஒற்றைப் படிகம் வேண்டும் என்று அவர் சொன்னபோது மேலிடம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரவில் தங்கி, சக்கரம் வைத்த தள்ளு வண்டியில் உலையை உருட்டி வந்து படிகம் வளர்த்தார். 1953-இல் ஊர்ப்பக்கம் திரும்பி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சேர்ந்தார். (ஊர்ப்பக்கம் வேலை கிடைத்தால் யார்தான் போக மாட்டார்கள்!)

1954 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விமான எலக்ட்ரானிக்ஸ் மாநாடு. ஒருவர் பின் ஒருவராக மேடை ஏறி, சிலிக்கான் டிரான்சிஸ்டர் வர இன்னும் பல வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். கடைசியில் டீல் எழுந்து, என் பையிலேயே சில இருக்கின்றன என்று எடுத்துக் காட்டினார். அதோடு விடவில்லை. இசைத்தட்டு ஒன்றைப் பாடவிட்டு, ஒலிபெருக்கியின் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரைக் கொதிக்கிற எண்ணெயில் முக்கினார். பாட்டு நின்றுவிட்டது. சிலிக்கானை மாட்டி அதே எண்ணெயில் முக்கினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மண்டபத்திலிருந்து ஆட்கள் தொலைபேசியைத் தேடி ஓடினார்களாம். எண்ணெயில் போட்டுப் பொரித்துக் காட்டி ஒரு தொழிலின் திசையையே மாற்றிய வேறு சம்பவம் எனக்குத் தெரியாது :-)

நேர்மையாகச் சொன்னால், அதே வருஷம் ஜனவரியிலேயே பெல் ஆய்வகத்தில் மோரிஸ் டானன்பாம் சிலிக்கான் டிரான்சிஸ்டரைச் செய்துவிட்டார். வெளியே சொல்லவில்லை. உற்பத்திக்குப் போனதும் பெயர் வாங்கியதும் டெக்சாஸ்தான்.

நிற்க. இதே காலத்தில் எண்ணெய்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

1927-இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில், பெஷல்பிரான் என்ற இடத்தில், ஷ்லம்பர்ஷே சகோதரர்களின் ஆட்கள் கிணற்றுக்குள் கம்பி இறக்கிப் பாறையின் மின்தடையை அளந்தார்கள். மின்முறைக் கிணற்று ஆய்வு தொடங்கியது அன்றுதான். அப்போது கீழே போனது வெறும் மின்முனைகள். மூளை எல்லாம் மேலே, ஆள் கையால் குறித்துக்கொண்டிருந்தார். சூடு ஒரு பிரச்சினையே இல்லை. கம்பிக்கு என்ன சூடு!

பிறகு ஆசை வளர்ந்தது. துளைத்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், மூளையும் கீழே போக வேண்டும். 1978-இல் டெலிகோ என்ற நிறுவனம் இதை வணிக அளவில் செய்துகாட்டியது. துளைக் குழாய்க்குள் இறக்கும் சேற்று நீரில் அழுத்தத் துடிப்புகள் அனுப்பி மேலே சேதி சொல்வது. கம்பி கிடையாது. அப்படியானால் மின்சாரம் ஏது? பேட்டரி, அல்லது ஓடுகிற சேற்றிலேயே சுழலும் சின்ன டர்பைன். சேற்றின் வேகம் மாறினால் வோல்ட்டும் மாறும். ஆக, என்ன வந்தாலும் 5 வோல்ட் கொடுக்கிற ஒரு கன்வெர்ட்டர், மனிதக் கை எட்டாத இடத்தில், கட்டாயமாகிவிட்டது.

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சாதாரணமாக 25 முதல் 30 டிகிரி ஏறும். நான்கு கிலோமீட்டரில் 130, 150. நம் குஜராத்தில் 1958-இல் லுனேஜிலும் 1960-இல் அங்க்லேஷ்வரிலும் எண்ணெய் கண்டார்கள் அல்லவா, அந்தக் காம்பே படுகை சராசரியைவிடச் சூடானது. ஆந்திரக் கரையோரத்துக் கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழப் பகுதி இன்னும் மோசம். அங்கே கருவி நின்றுபோனால், நின்ற இடத்திலேயே மாற்ற முடியாது. கிலோமீட்டர் கணக்கில் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்து, கருவியை மாற்றி, திரும்ப இறக்க வேண்டும். ஒரு நாள் போய்விடும். ரிக்கின் ஒரு நாள் வாடகை எங்கள் பலகையின் விலையைப் போல எத்தனையோ மடங்கு. அது பணம். இன்னொன்றும் உண்டு. உயர் அழுத்தக் கிணற்றில், கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த கண் குருடாகிவிட்ட நிலையில், மேலே மேடையில் அத்தனை பேர் நிற்கிறார்கள்.

சூட்டை ஏமாற்ற முதலில் கண்ட வழி ஃபிளாஸ்க். ஜேம்ஸ் டீவார் 1892-இல் குளிர்ந்த வாயுக்களை வைக்கச் செய்த இரட்டைச் சுவர் வெற்றிடக் குடுவை. நாம் டிரெயினில் காபி கொண்டுபோவது அதில்தான். அதே குடுவைக்குள் சர்க்யூட்டை வைத்து இறக்கினால் சில மணி நேரம் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கிற கன்வெர்ட்டரும் சூடு விடுகிறதே! அந்தச் சூடும் வெளியே போக முடியாது. வேலையைச் சட்டென்று முடித்துக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். நாள்கணக்கில் கீழேயே கிடக்கும் துளைக் கருவிக்கு இது ஆகாது.

ஆக, சூட்டிலேயே வாழக் கற்க வேண்டும். 1976 ஒரு முக்கியமான வருஷம். ராபர்ட் மமானோ வடிவமைத்த எஸ்ஜி 1524 வந்தது. திறந்து மூடும் கணக்கு முழுவதையும் ஒரே சில்லில் அடக்கியது. அதே வருஷம் கால்டெக்கில் மிடில்புரூக்கும் ஸ்லோபோதான் சூக்கும் இந்தச் சுற்றுகளுக்கு ஒழுங்கான கணிதம் எழுதினார்கள். அதுவரை கைப்பக்குவமாக இருந்தது பாடமாயிற்று. ஆனால் எல்லாம் சாதாரண சிலிக்கான். 200 டிகிரியில் சிலிக்கானுக்குள் தானாகவே கிளம்பும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அறைவெப்ப நிலையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. ஸ்விட்சாக இருக்கிற மாஸ்ஃபெட்டின் தடை 150 டிகிரியிலேயே ஏறக்குறைய இரட்டிப்பு. ஜெர்மேனியத்தின் பழைய வியாதி, வேறு டிகிரியில்.

இதற்கு இரண்டு மருந்து வந்தது. ஒன்று, சிலிக்கானுக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு ஆக்ஸைடு அடுக்கைப் போட்டுக் கசிவு போகும் வழியையே அடைப்பது. எஸ்ஓஐ என்பார்கள். 1990-களில் ஹனிவெல் 225 டிகிரிக்கு இப்படிச் சில்லுகள் செய்தது. விலையைக் கேட்டால் நமக்கும் சூடு ஏறும். அதனால் பலர் செய்தது வேறு: 125 டிகிரி என்று எழுதிய சாதாரணச் சில்லுகளைக் கூடை கூடையாக வாங்கி, அடுப்பில் வைத்து, பிழைத்ததைப் பொறுக்கிக்கொள்வது. தக்காளி பொறுக்குகிற மாதிரி. இன்று பிழைத்தது நாளையும் பிழைக்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. தயாரித்தவன் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே அச்சை மாற்றினால் உங்கள் பொறுக்கல் வீண். எனக்கு இந்த முறை பிடிக்காது. ஆனால் பல கிணறுகளை அளந்தது இந்தத் தக்காளிகள்தான் என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டாவது மருந்து, வேலியையே உயர்த்துவது. சிலிக்கான் கார்பைடு. வேலி 3.26. இதை எட்வர்ட் ஆச்செசன் 1891-லேயே செய்துவிட்டார், வைரம் செய்யப் போய். சாணைக்கல், உப்புத்தாள் என்று நூறு வருஷம் தேய்க்கிற வேலைதான் பார்த்தது. இது பவர் எலக்ட்ரானிக்ஸுக்கு எவ்வளவு லாபம் என்று 1980-களில் கணக்குப் போட்டுக் காட்டியவர் பி. ஜெயந்த் பாலிகா. ஐஜிபிடியை உருவாக்கியவர் என்று உலகம் அறிந்தவர். தமிழர் என்று நான் உரிமை கொண்டாடப் போவதில்லை. ஆனால் பிறந்தது சென்னையில், வளர்ந்தது பெங்களூர்ப் பக்கம், 1969-இல் பட்டம் வாங்கியது ஐஐடி மெட்ராஸில். 2024-இல் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு வாங்கினார். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அவர் கணக்குப் போட்டதற்கும் கடையில் கிடைத்ததற்கும் நடுவில் ஒரு தலைமுறை ஓடிவிட்டது. 2001-இல் இன்ஃபினியானின் டையோடு. 2011-இல் கிரீயின் மாஸ்ஃபெட். 2017-இல் டெஸ்லா மாடல் 3 காரில் ஏறியது. அதன்பிறகு விலை இன்னும் இறங்கியது.

ஆனால் எங்கள் வேலையில் இது முழு விடை இல்லை. சிலிக்கான் கார்பைடு நூற்றுக்கணக்கான வோல்ட்டில்தான் பிரகாசிக்கும். கேபிளில் உயர் வோல்ட் இறங்குகிற கருவிகளுக்கு அருமை. 28 வோல்ட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. அங்கே இன்னும் எஸ்ஓஐ-தான்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஜெர்மேனியம், சிலிக்கான், கார்பைடு என்று மூன்று ராஜாக்களின் கதையாக எழுதுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கு அது பாதிக் கதை. சாகிறது ராஜா அல்ல, சிப்பாய். அந்தக் கெபாசிட்டர்.

டிவி, கம்ப்யூட்டர்களில் இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் ஈரம் இருக்கிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. 2000-த்தின் தொடக்க வருஷங்களில் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் இவை உப்பி வெடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அது மோசமான திரவத்தால் வந்த கொள்ளைநோய். கிணற்றில் நல்ல திரவமே தாங்காது. செராமிக் வகையில் அதிகக் கொள்ளளவு தருவது 125 டிகிரிக்கு மேல் சுருங்கிவிடும். சூட்டுக்கு அசையாத செராமிக்கோ கொள்ளளவில் கஞ்சன், இடத்தை அடைத்துக்கொள்ளும். எங்கள் பலகையின் அகலமோ இரண்டு விரல், குழாய்க்குள் போக வேண்டுமே. கெபாசிட்டரைச் சின்னதாக்க வேண்டுமானால் இன்னும் வேகமாகத் திறந்து மூட வேண்டும். வேகம் கூடினால் ஸ்விட்சிலும் சுருளிலும் சூடு கூடும். சுருளின் ஃபெர்ரைட் 220 டிகிரி வாக்கில் காந்தத்தன்மையையே இழந்துவிடும். உலோகப் பொடியில் செய்த உட்கரு தாங்கும், ஆனால் வேகம் கூடினால் அதுவும் சூடாகும். இப்படியே சுற்றிச் சுற்றி வர வேண்டும். நல்ல ஸ்விட்ச் வந்ததால் கிடைத்த உண்மையான லாபம், அது சூட்டைத் தாங்குவதைவிட, வேகமாக ஓடிக் கெபாசிட்டரின் சுமையைக் குறைப்பதுதான் என்பது என் கட்சி.

இன்னும் இருக்கிறது. பழைய ஈய வெள்ளீயப் பற்று 183 டிகிரியில் உருகும். பேட்டரியின் லித்தியமே 180 டிகிரியில் உருகும். உருகினால் வெடிக்கும். இந்த இரண்டு எண்ணையும் நினைத்துக்கொண்டு 175 என்கிற வரம்பைப் பாருங்கள், அது ஏன் அங்கே வந்து நின்றது என்று புரியும்.

சில வருஷம் முன்பு வேறெங்கோ செய்த ஒரு பலகையை அறுத்துப் பார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள். யாருடையது என்பது வேண்டாம். கிணற்றில் நின்றுபோனது. சில்லுகள் எல்லாம் விலை உயர்ந்த எஸ்ஓஐ, ஒன்றுக்கும் சேதமில்லை. பெரிய செராமிக் கெபாசிட்டர் ஒன்றின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். சூட்டில் பலகை விரிகிற அளவு வேறு, செராமிக் விரிகிற அளவு வேறு. இறங்கும்போது ஒரு இழு, ஏறும்போது ஒரு இழு. என்னோடு வேலை பார்க்கும் மூத்தவர், சூரத் பக்கத்துக்காரர், லென்ஸில் பார்த்துவிட்டு, "சூடு இதைக் கொல்லவில்லை பாய், போக்குவரத்துதான் கொன்றது" என்றார்.

அதன்பிறகு எங்கள் சோதனையில் 1,000 மணி நேரம் தொடர்ந்து சுடுவதோடு, ஏற்றி இறக்குகிற சுற்றுகளும் சேர்ந்துகொண்டன. வாங்குகிறவர்களுக்குப் பொறுமை இல்லை. 200 மணி நேரம் போதாதா, சில்லு 225 டிகிரி தாங்கும் என்று தாளில் இருக்கிறதே என்பார்கள். போதாது. அந்தத் தாள் சில்லைப் பற்றியது, பற்றைப் பற்றியது அல்ல. இதைச் சொல்லி ஒரு ஆர்டரை விட்டுக்கொடுத்ததும் உண்டு.

உலகம் இதற்கு மேலேயும் போய்க்கொண்டிருக்கிறது. ஐஸ்லாந்தில் 2017 ஜனவரியில் முடித்த ஒரு கிணறு 4,659 மீட்டர், அடியில் 427 டிகிரி அளந்தார்கள். வெள்ளிக் கோளின் தரையும் ஏறத்தாழ அந்தச் சூடுதான், 460. 1982-இல் சோவியத்தின் வெனேரா 13 அங்கே 127 நிமிஷம் தாங்கியது. நாசாவின் கிளென் மையத்துக்காரர்கள் செய்த சிலிக்கான் கார்பைடு சுற்று ஒன்று, வெள்ளியின் சூட்டையும் அழுத்தத்தையும் செயற்கையாக உண்டாக்கிய கலத்துக்குள் 521 மணி நேரம் ஓடியது. 2016 கடைசியில் முடிவுகள் வெளியாயின. உறை கிடையாது, குளிர்விப்பு கிடையாது. அந்தச் சுற்றுக்கு மின்சாரம் கலத்துக்கு வெளியிலிருந்து கம்பி வழியாகப் போனது. கன்வெர்ட்டர் உள்ளே இல்லை.

நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க 2021-இல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது. வெளியே உறைபனி, உள்ளே கொதிநீர். ஏற்றி இறக்கும் சுற்று அங்கே மைனஸிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் அடுப்புக்குக் கீழ்ப்பக்கம் போகத் தெரியாது. குளிர் அறை ஒன்றுக்கு விலை கேட்டு எழுதியிருக்கிறோம்.